ஒகேனக்கல் பரிசல்: சின்ன சுற்று போதுமா, பெரிய சுற்று போகலாமா? (6 பேர், முட்டிவலி அம்மா, 6 வயசுப் பையன்)

கெலமங்கலத்தான் கேட்டது:

வணக்கம். டிசம்பர் முதல் வாரம் ஓசூர்ல இருந்து சேலம் போறோம். வழியில ஒரு பகல் ஒகேனக்கல்ல நிறுத்தி பரிசல்ல போகணும்னு ஆசை. மொத்தம் 6 பேர். நாங்க ரெண்டு பேர், அப்பா (71), அம்மா (66, முட்டிவலி, தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க ஆள் வேணும்), பொண்ணுக்கு 13, பையனுக்கு 6. யாருக்கும் நீச்சல் தெரியாது.

ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அரைமணி சுற்றே போதும்னு சிலர். ஐந்தருவி, மணல்மேடு வரைக்கும் போகலைன்னா வந்ததே வீண்னு சிலர். எதை வெச்சு முடிவு பண்றது? அம்மாவை ஏத்தலாமா? பரிசல் நல்லா இருக்கா இல்லையான்னு நாமே பார்த்துத் தெரிஞ்சுக்க முடியுமா? காசு விஷயத்துல என்ன கேட்டு வெச்சுக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பென்னாகரம்_மேடு:

சுற்று எவ்வளவு நேரம்னு பார்க்குறதுக்கு முன்னாடி அன்னைக்கு ஆத்துல எவ்வளவு தண்ணி வருதுன்னு பாருங்க. மத்த எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையிற இடம் பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையம் அங்கதான் நீர்வரத்தை அளக்குது. "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி"ன்னு பேப்பர்லயும் டிவியிலயும் தினமும் வரும். ஒரு கன அடின்னா 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல. 5,000 கன அடின்னு போட்டிருந்தா ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர் அந்தப் பாறை இடுக்குல இறங்குதுன்னு அர்த்தம்.

ஆயிரம், ரெண்டாயிரம் கன அடின்னா பாறை எல்லாம் வெளிய தெரியும். ஓட்டம் சாது. ஆனா இடையில இறங்கிப் பாறை மேல நடக்க வேண்டி வரும், பரிசல் ஓட்டுறவர் பரிசலைத் தலையில கவுத்துத் தூக்கிட்டு வந்து அடுத்த மடுவுல போடுவார். மூவாயிரத்துல இருந்து ஏழெட்டாயிரம் வரைக்கும் குடும்பத்தோட போக நல்ல தண்ணி: அருவியும் நிறைஞ்சு விழும், பரிசலும் அதிகம் தரை தட்டாது. பத்தாயிரத்தைத் தாண்ட ஆரம்பிச்சா மாவட்ட நிர்வாகம் நிறுத்தச் சொல்லலாம். இருபதாயிரத்துக்கு மேல போச்சுன்னா தடை இருக்கும்னே வெச்சுக்கிட்டு வேற திட்டம் போடுங்க. எந்த அளவுல நிறுத்துறதுங்கிறது ஒவ்வொரு தடவையும் அவங்க முடிவு. அதனால இந்த எண்ணிக்கையைக் காட்டி கவுன்ட்டர்ல வாதாட முடியாது.

நடுவுல பாதி அனுமதியும் உண்டு, வெளியூர்க்காரங்க நிறைய பேருக்கு அது தெரியாது. தண்ணி கூடுறப்போ முழுசா நிறுத்தாம, சில பாதையை மட்டும் திறந்து விடுவாங்க. சின்னாறு, மாமரத்துக்கடவு, ஊட்டமலை, கொத்திக்கல், பெரியபாணி, ஐந்தருவி, மணல்மேடுன்னு பேர் நிறைய காதுல விழும். இதுல இன்னைக்கு எது எது திறந்திருக்கு, எங்க ஏறணும்னு கவுன்ட்டர்லயே கேளுங்க. திறக்காத பாதைக்கு "நான் கூட்டிட்டுப் போறேன்"னு யாராவது சொன்னா அந்தப் பேச்சே வேண்டாம்.

டிசம்பர்ங்கிறது நல்ல நேரம். கிருஷ்ணராஜ சாகர், கபினி ரெண்டு அணையிலயும் உபரி தண்ணி திறக்குறது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட்ல. ஆடிப்பெருக்குக்கு ஆசையா வர்றவங்க பாதிப் பேர் தடை போர்டைப் பார்த்துட்டுத் திரும்புறது அதனாலதான். டிசம்பர்ல வெள்ளம் வடிஞ்சிருக்கும், வெயிலும் தாங்கும். ஆனா வடகிழக்குப் பருவமழை முடிஞ்சிருக்காது. முந்தின ராத்திரி அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் நல்ல மழைன்னா சின்னாத்துல திடீர்னு தண்ணி வரும். தெளிஞ்சு பச்சையா இருந்த தண்ணி செம்மண் கலங்கலா மாறினா, மிதந்து வர்ற குச்சி செத்தை கூடினா, தண்ணி ஏறுதுன்னு அர்த்தம். அப்போ டிக்கெட் கையில இருந்தாலும் ஏறாதீங்க.

---

மூங்கில்பிளாச்சு:

பரிசலைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா பார்த்துத் தெரிஞ்சுக்கக்கூடிய விஷயம் இதுல நிறைய இருக்கு.

மூங்கில் பிளாச்சைக் குறுக்கும் நெடுக்குமாப் பின்னி, விளிம்புல பல பிளாச்சைச் சேர்த்து முறுக்கிக் கட்டின பெரிய கூடைதான் பரிசல். அகலம் ஏழெட்டு அடி. முந்தி மாட்டுத்தோல் போர்த்துவாங்க. 16-ஆம் நூற்றாண்டுல விஜயநகரம் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில பார்த்த தோல் போர்த்திய வட்டப் படகுகள்ல பதினைஞ்சு இருபது பேர் போனாங்கன்னு எழுதி வெச்சிருக்கார். இப்போ தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் சாக்கு, தார்ப்பாய், அதுக்கு மேல தார் பூச்சு. அடிப்பாகம் தட்டையா இருக்குறதால சில அங்குலத் தண்ணியே போதும், பாறை மேல வழுக்கிட்டுப் போயிடும். உருண்டையா இருக்குறதால பாறையில மோதினாலும் நேரா வாங்காம சுத்திக்கிட்டு விலகும். இந்த ஆத்துக்கு மரப்படகு ஒத்துவராததுக்குக் காரணம் இதுதான்.

ஏறுறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப் பாருங்க. அடியில கொஞ்சம் ஈரம் இருக்குறது சாதாரணம், முந்தின ஆளுங்க கால்ல வந்த தண்ணி. ஒரு குட்டை மாதிரி தேங்கி, மொண்டு ஊத்தின பிறகும் திரும்ப ஊறினா அது தார் விட்ட இடம். வெளிப்பக்கம் தார் வெடிச்சுச் செதில் செதிலா பெயர்ந்திருக்கா, சாக்கு கிழிஞ்சு பிளாச்சு தெரியுதா பாருங்க. ரொம்ப முக்கியம் விளிம்பு. கையை வெச்சு அழுத்தினா கெட்டியா இருக்கணும். கட்டு தளர்ந்து வளைஞ்சு கொடுத்தா, நாலு பேர் சாய்ஞ்சதும் வட்டம் நசுங்கும், அந்தப் பக்கம் தண்ணிக்குக் கிட்ட இறங்கிடும். அப்படி இருந்தா வேற பரிசல் கேளுங்க, அது உங்க உரிமை.

துடுப்பு ஒண்ணுதான். ஓட்டுறவர் போற திசைப் பக்கத்து விளிம்புல உட்கார்ந்து, துடுப்பை முன்னால நீட்டித் தண்ணியைத் தன் பக்கம் இழுப்பார், இடமும் வலமும் மாத்தி மாத்தி. ஒரே பக்கம் இழுத்தா பரிசல் நின்ன இடத்துல பம்பரமாச் சுத்தும். அதனால அவருக்கு முன்னாடி யாரும் உட்காரக் கூடாது, அவர் முழங்கைக்கு இடம் வேணும். பிள்ளையைப் படம் எடுக்க முன்பக்கம் அனுப்புறவங்க இதை யோசிக்கிறதே இல்லை.

---

ஆத்தோரம்:

6 பேர்னா ரெண்டு பரிசல். ஒரு பரிசலுக்கு ஓட்டுறவர் நீங்கலா 4 பேர்தான் கணக்கு. நாலு பெரியவங்க ஒண்ணு, ரெண்டு பிள்ளைங்க மட்டும் ஒண்ணுன்னு எப்பவும் பிரிக்காதீங்க. மூணு மூணா போங்க. பையனோட நீங்க ஒருத்தர், அப்பா. இன்னொண்ணுல பொண்ணு, இன்னொரு பெரியவர். அம்மா வந்தா இந்த ரெண்டாவது பரிசல்ல.

அம்மாவை ஏத்தலாமான்னு கேட்டீங்க. உட்கார்ந்து போறது அவங்களுக்குப் பெரிய சிரமம் இல்லை, ஏறுறதும் இறங்குறதும்தான் சிரமம். பரிசல்ல பலகை இருக்காது, தரையோடு தரையாத்தான் உட்காரணும், முதுகு விளிம்புல சாய்ஞ்சிருக்கும். காலை நீட்ட இடம் கொஞ்சம்தான். துறைக்குப் போற படி ஈரமா, உயரம் ஒரே அளவா இருக்காது. இடையில இறங்கி நடக்குற பாதைன்னா பாறை வழுக்கும், ஏறி இறங்கணும், அது முட்டிவலிக்காரங்களுக்கு ஆகவே ஆகாது. அதனால அவங்களுக்கு ரெண்டு வழிதான். இறங்கி நடக்காத, ஏறின துறையிலயே திரும்ப வந்து இறங்குற சின்ன சுற்று. இல்லைன்னா பரிசலை விட்டுட்டு தொங்குபாலத்துல நடந்து அருவியைப் பார்க்கிறது. "வந்தாச்சு, எப்படியாவது ஏத்திடலாம்"னு மட்டும் வேண்டாம். நடு ஆத்துப் பாறையில முட்டி பிடிச்சுக்கிட்டா திரும்பவும் அதே பாறையைத்தான் கடக்கணும்.

ஏறுற விதம்: ஓட்டுறவர் பரிசலைக் கரையோடு பிடிச்சிருக்கணும். விளிம்பை மிதிக்காம, ஒரே எட்டுல நடுமையத்துல காலை வெச்சு உடனே குனிஞ்சு உட்காரணும். முதல் ஆள் ஒரு பக்கம்னா அடுத்த ஆள் நேர் எதிர்ப்பக்கம். எல்லாரும் உட்கார்ந்த பிறகு கனமானவர் இருக்குற பக்கம் தாழ்ந்திருந்தா அவரைக் கொஞ்சம் நடுவுக்கு நகரச் சொல்லுங்க. பரிசல் கவுர்றது பெரும்பாலும் சுழல்னால இல்ல, எல்லாரும் ஒரே பக்கம் சாயுறதால. அருவி தெரிஞ்சதும் நாலு பேரும் போனைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்புவாங்க பாருங்க, அதுதான் ஆபத்தான நேரம். ஒருத்தர் மட்டும் படம் எடுக்கட்டும்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். போட்டா மட்டும் போதாது, எல்லா பக்கிளும் பூட்டி, பக்கத்து வாரை இழுத்து இறுக்கணும். அப்புறம் தோள்பட்டையில ரெண்டு கையாலயும் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. காது வரைக்கும் ஏறிச்சுன்னா அது பெரிய சைஸ், தண்ணியில தலை வழியாக் கழண்டு வந்துடும். 6 வயசுப் பையனுக்கு இந்தச் சோதனை கண்டிப்பா பண்ணுங்க. சின்ன சைஸ் இல்லைன்னு சொன்னா, கால் இடுக்கு வழியா வர்ற வார் இருக்குற ஜாக்கெட் கேளுங்க. அதுவும் இல்லைன்னா பையன் கரையில இருக்கட்டும். இதுல விட்டுக்கொடுக்காதீங்க.

---

கெலமங்கலத்தான்:

ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்கு சின்ன சுற்று கூட வேண்டாம், தொங்குபாலம் பக்கம் அப்பாவோட இருக்கட்டும்னு தோணுது. அப்போ நாங்க நாலு பேரும் ஒரே பரிசல்ல போகலாம்தானே? காசு பத்தியும் சொல்லுங்க. அப்புறம், பையன் பரிசலைச் சுத்தச் சொல்லணும்னு இப்பவே குதிக்கிறான்.

---

பென்னாகரம்_மேடு:

நாலு பேர் ஒரே பரிசல்ல போகலாம். 6 வயசுப் பையனையும் ஒரு ஆளாவே எண்ணிக்கோங்க, மடியில வெச்சுக்கலாம்னு நினைச்சு அஞ்சாவது ஆளை ஏத்த வேண்டாம்.

கட்டணம் ஆளுக்கு இல்ல, பரிசலுக்கு. கவுன்ட்டர்ல போர்டு இருக்கும், அங்கயே கட்டி ரசீது வாங்குங்க. தொகை அவ்வப்போது மாறுது, அதனால இங்க யாராவது எண்ணைச் சொன்னாலும் போர்டுல இருக்குறதை மட்டும் நம்புங்க. வண்டி நிறுத்துற இடத்துலயும் பஸ் ஸ்டாண்டுலயும் "வாங்க சார், நேரா பரிசல்"னு கூப்பிடுற ஆள் பின்னாடி போனீங்கன்னா நடுவுல ஒரு தொகை சேரும், அது துடுப்புப் போடுறவருக்குப் போய்ச் சேராது.

ஏறுறதுக்கு முன்னாடி ஓட்டுறவர்கிட்ட வாய்விட்டுப் பேசி வெச்சுக்க வேண்டியது: எந்தத் துறையில ஏத்தி எந்தத் துறையில இறக்குவீங்க, எதுவரைக்கும் போறோம், நடுவுல இறங்கி நடக்கணுமா, எத்தனை நேரம், ரசீதுல இருக்குறது போக ஏதாவது கேட்பீங்களா. "முழு சுற்று"ன்னு பொதுவாச் சொன்னா விட்டுடாதீங்க, இடத்தோட பேரைச் சொல்ல வைங்க. சண்டை வர்றது எல்லாம் நடு ஆத்துல "மணல்மேடுன்னா அதுக்குத் தனி"ன்னு ஆரம்பிக்கிறப்போதான். சந்தோஷமா ஏதாவது கொடுக்கணும்னா இறங்கின பிறகு அவர் கையிலயே கொடுங்க. எதிரோட்டத்துல நாலு பேரை இழுத்துட்டு வர்றது லேசான வேலை இல்ல. தடை போட்ட நாள்ல அவங்களுக்கு வருமானமும் கிடையாது.

---

குளித்தலை_நாணல்:

நான் கொஞ்சம் மாறுபடுறேன். நாலு பேரும் நடக்கக்கூடியவங்கன்னா பெரிய சுற்று போங்க. பாறைச்சுவர் ரெண்டு பக்கமும் உயர்ந்து நிக்க, மேல இருந்து தண்ணி சரம் சரமா விழுற அந்த இடுக்குக்குள்ள உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறதுதான் ஒகேனக்கல். தேங்கின தண்ணியில ஒரு வட்டம் போட்டுட்டு வர்றதுக்குப் பரிசல் எந்த ஊர்லயும் கிடைக்கும். கர்நாடகாவுல தலைக்காடுங்கிற ஊர்ல காவிரி அகலமா, மணல் படுகையா, சாதுவா ஓடும், அங்கயும் பரிசல் உண்டு. ஹம்பியில துங்கபத்திரையைக் கடக்கப் பரிசல் இருக்கு. அமைதியான சவாரிதான் வேணும்னா அதெல்லாம் நல்ல இடம். ஒகேனக்கல் வர்றதே பாறைக்காக.

---

ஆத்தோரம்:

நாணல் சொல்றது நியாயம், ஆனா ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, நீர்வரத்து மேல சொன்ன நடுத்தர அளவுல இருக்கணும். ரெண்டு, அருவிக்கு அடியில கொண்டு போய் நனைக்கச் சொல்லக் கூடாது. நிறைய பேர் காசு கொடுத்துக் கேட்கிறது அதைத்தான். விழுற தண்ணி நேரா பரிசலுக்குள்ள கொட்டினா நிமிஷத்துல அரையடி நிக்கும். உள்ள நிக்கிற தண்ணி ஒரு பக்கம் சரிஞ்சா ஆளும் சேர்ந்து சரிவாங்க, பரிசல் திரும்ப நிமிராது. அதோட அருவி விழுற இடத்துல தண்ணி அடியில போய்த் திரும்பவும் அருவிப் பக்கமே சுழன்று வரும், அதுல மாட்டினா துடுப்பு பிடிமானம் குறையும். சாரல் முகத்துல படுற தூரமே போதும்.

பையன் சுத்தச் சொன்னா, பாறை இல்லாத அகலமான மடுவுல ரெண்டு மூணு சுத்து. சாப்பிட்ட உடனே வேண்டாம், வாந்தி வரும். தலை சுத்தினா தண்ணியைப் பார்க்காம தூரத்துல ஒரு பாறையையே பார்க்கச் சொல்லுங்க.

ஒருவேளை தண்ணியில விழுந்தா என்ன பண்ணணும்னு பிள்ளைங்களுக்குக் கரையிலயே சொல்லிக் கொடுங்க. மல்லாந்து படுக்கணும், காலைத் தண்ணி போற திசைக்கு நீட்டணும், அப்போ பாறை வந்தா கால்தான் முதல்ல தொடும். ஓடுற தண்ணியில எழுந்து நிக்கப் பார்க்கக் கூடாது, கால் பாறை இடுக்குல மாட்டிக்கும். பரிசலைப் பிடிச்சுக்கலாம், ஆனா பரிசலுக்கும் பாறைக்கும் நடுவுல ஆள் இருக்கக் கூடாது. வழியில கரையோரம் அழகாத் தெரியிற மடுவுல இறங்கிக் குளிக்கவும் வேண்டாம், இந்த ஆத்துல முதலை இருக்கு. எச்சரிக்கைப் பலகை வெச்சிருக்குறது சும்மா இல்ல.

---

மூங்கில்பிளாச்சு:

உடுப்பு பத்தி யாரும் சொல்லலை. புடவை, வேட்டி நனைஞ்சா காலைச் சுத்திக்கும். சுடிதார், பேன்ட், அரைக்கால் சட்டை எதுவும் சரி. உட்கார்ற இடம் ஈரமாத்தான் இருக்கும், பழைய தார் துணியில ஒட்டவும் செய்யும். புதுத்துணி போடாதீங்க. செருப்பு பின்வார் இருக்குறதா இருக்கட்டும், பாறையில நடக்கணும். போனுக்குக் கழுத்துல மாட்டுற பிளாஸ்டிக் உறை. கண்ணாடி போடுறவங்க கயிறு கட்டிக்கோங்க. கார் சாவியை அப்பாகிட்ட கொடுத்துட்டு ஏறுங்க. தின்பண்டப் பையைக் கையில ஆட்டிக்கிட்டு துறைக்கு நடக்காதீங்க, குரங்கு பிடுங்கும். ஆத்துக்குள்ளயே பரிசல்ல கடை வெச்சு நொறுக்கு, பானம் விக்கிறவங்க வருவாங்க. வாங்கினா கவரை ஆத்துல போடாம கரைக்குக் கொண்டு வந்துடுங்க.

---

கெலமங்கலத்தான்:

தெளிவாயிடுச்சு. நீர்வரத்து எட்டாயிரத்துக்குள்ள இருந்தா நாங்க நாலு பேரும் பெரிய சுற்று, அருவிக்கு அடியில போகாம. அதுக்கு மேலன்னா திறந்திருக்கிற சின்ன சுற்று. ஜாக்கெட் பையனுக்குப் பொருந்தலைன்னா நான் அவனோட கரையில. கடைசியா ஒண்ணு: அன்னைக்கு எந்த வரிசையில என்ன பண்றது? எண்ணெய் மசாஜ், குளியல், மீன் சாப்பாடு எல்லாமே லிஸ்ட்ல இருக்கு. அஞ்செட்டி வழியா வரலாமா, தர்மபுரி வழியா வரலாமா?

---

பென்னாகரம்_மேடு:

முதல்ல பரிசல். மசாஜ் பண்ணிட்டு ஏறினா உடம்பெல்லாம் எண்ணெய், விளிம்பைப் பிடிச்சா கை வழுக்கும், ஜாக்கெட்டும் நழுவும். காலையில ஒன்பது, ஒன்பதரைக்குத் துறையில இருந்தா கூட்டம் குறைவு, வெயிலும் பாறையைச் சுட வெச்சிருக்காது. பரிசலுக்குக் கிளம்புறப்போவே மீன் வாங்கி, அங்க சமைச்சுக் கொடுக்கிறவங்ககிட்ட கொடுத்து என்ன நேரத்துக்கு வேணும்னு சொல்லிட்டா, திரும்பி வர்றப்போ தயாரா இருக்கும். பரிசல் முடிஞ்சதும் மசாஜ், அப்புறம் குளிக்க அனுமதி இருக்குற இடத்துல குளியல், அப்புறம் சாப்பாடு. மத்தியானம் மூணு மணிக்கு மேல டிக்கெட் வாங்கிப் பெரிய சுற்று போகாதீங்க, இடுக்குக்குள்ள சீக்கிரம் இருட்டும், ஓட்டுறவரும் அவசரப்படுவார். சனி ஞாயிறைத் தவிர்த்தா பாதிக் கவலை மிச்சம்.

ஓசூர்ல இருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழி தூரம் குறைவு, ஆனா காட்டுப்பாதை, வளைவு அதிகம், யானை நடமாட்டம் உண்டு. விடிஞ்ச பிறகு கிளம்பி அந்த வழியா வாங்க, நடுவுல வண்டியை நிறுத்தி இறங்காதீங்க. அங்கிருந்து சேலத்துக்குப் பென்னாகரம், தர்மபுரி வழியாப் போயிடுங்க. ஒகேனக்கல்ல இருந்து தர்மபுரி 46 கிலோமீட்டர், அப்புறம் நாலுவழிச் சாலை. பென்னாகரம் ஏறுற மலைப்பாதையிலயும் யானை கடக்கும், அதனால நாலரைக்குள்ள ஒகேனக்கல்லை விட்டுக் கிளம்புங்க. வர்றதுக்கு முந்தின நாள் சாயந்திரமும், அன்னைக்குக் காலையிலயும் நீர்வரத்தைப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல ஆயிரம் ரெண்டாயிரம் கூடியிருந்தா, கவுன்ட்டர்ல கேட்காம காசு கட்டாதீங்க.